ஒரே பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு ஆர்டர்: நேர இடைவெளி வைத்தும் நிற்கவில்லை

பனித்துளி (கேள்வி):

வணக்கம். கோட்லினில் எழுதிய ஆண்ட்ராய்டு ஆப். "ஆர்டரை உறுதி செய்" என்ற பட்டனை வேகமாக இரண்டு முறை தட்டினால் சர்வரில் இரண்டு ஆர்டர் பதிவாகிறது. இதைத் தடுக்க ஒரு பொதுவான கிளிக் லிஸனர் (தட்டும்போது ஓடும் ஃபங்ஷன்) இருக்கிறது. கடைசித் தட்டலின் நேரத்தை வைத்துக்கொண்டு, 500 மில்லி விநாடிக்குள் வரும் அடுத்த தட்டலைத் தள்ளிவிடும். நேரம் எடுப்பது போனின் கடிகாரத்தைப் படிக்கும் கரண்ட்டைம்மில்லிஸ் மூலம்.

பெரும்பாலான போன்களில் சரியாக இருக்கிறது. மெதுவான போன்களில் மட்டும் இரட்டை ஆர்டர் வருகிறது. சர்வர் லாகில் இரண்டு ரிக்வெஸ்ட்டுக்கும் நடுவே சில சமயம் 600, 700 மில்லி விநாடி, சில சமயம் 3 விநாடிக்கும் மேல்.

இடைவெளியை 2 விநாடி ஆக்கினால் போதுமா? அப்படி ஆக்கினால் அதே லிஸனரைப் பயன்படுத்தும் அளவு கூட்டும் பட்டன் (+) மந்தமாகிவிடுகிறது. இன்னொன்று: பட்டியலில் ஒரு வரியைப் படபடவென்று தட்டினால் விவரத் திரை இரண்டு தடவை திறக்கிறது, சில நேரம் நேவிகேஷன் பகுதியில் இல்லீகல்ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷனோடு ஆப் விழுகிறது. இதே ஆப் ஃப்ளட்டரிலும் வரப்போகிறது. அங்கேயும் செல்லும் வழியாக இருந்தால் நல்லது.


கல்தச்சன்:

2 விநாடி ஆக்கினாலும் போதாது. 5 ஆக்கினாலும் போதாது. எண் சின்னதாக இருப்பதால் வரும் கோளாறு இல்லை இது. நேரத்தை வைத்து அளப்பதே இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. லாகில் தெரியும் இரண்டு வகை இடைவெளிக்கும் காரணம் வேறு வேறு, தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் 3 விநாடி. இது தவறான இரட்டைத் தட்டலே இல்லை. பயனர் தட்டினார், திரையில் எதுவும் மாறவில்லை, தட்டு விழவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுகிறார். சர்வர் பதில் 4 விநாடி எடுத்தால் அந்த 4 விநாடியும் திறந்த கதவுதான். நெட்வொர்க் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எந்த எண்ணாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்து 600, 700. இதுதான் பலர் கவனிக்காத இடம். நீங்கள் நேரம் எடுப்பது விரல் பட்ட கணத்தில் இல்லை, லிஸனர் ஓடும் கணத்தில். முதல் தட்டலின் லிஸனரே மெயின் த்ரெட்டை, அதாவது திரையையும் தொடுதலையும் கவனிக்கும் த்ரெட்டை, 700 மில்லி விநாடி பிடித்து வைத்தால் (டேட்டாபேஸ் வாசிப்பு, பெரிய ஜேசன், கனமான லேஅவுட், எதுவானாலும்), 150 மில்லி விநாடியில் விழுந்த இரண்டாவது தட்டு வரிசையில் காத்திருக்கும். த்ரெட் விடுபட்டதும் அதன் லிஸனர் ஓடும்; அப்போது கடிகாரம் 700 தாண்டியிருக்கும். உங்கள் 500 அதை நல்ல தட்டு என்று உள்ளே விட்டுவிடும். மெதுவான போனில் மட்டும் வருவதற்கு இதுவே காரணம். அந்த லிஸனருக்குள் என்ன வேலை நடக்கிறது என்று ப்ரொஃபைலரில் பார்த்து அதைப் பின்னணிக்குத் தள்ளுங்கள். இரட்டை ஆர்டர் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தத் திணறலே தனிக் குறை.

"செட்எனேபிள்ட் ஃபால்ஸ் போட்டு பட்டனை முடக்கினால் போதும்" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். போட வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ஆண்ட்ராய்டில் விரல் எடுத்ததும் கிளிக் நேரடியாக ஓடுவதில்லை. வியூ அதை மெயின் த்ரெட்டின் வரிசையில் ஒரு செய்தியாகப் போடுகிறது, அழுத்திய நிறம் முதலில் திரையில் தெரியட்டும் என்பதற்காக. த்ரெட் திணறியிருந்தால் தேங்கிய தொடு நிகழ்வுகள் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டு, முதல் கிளிக் ஓடும் முன்பே இரண்டாவது கிளிக்கும் வரிசையில் ஏறிவிடலாம். ஏறிய பிறகு பட்டனை முடக்கிப் பயனில்லை; கிளிக்கை ஓட்டும் பெர்ஃபார்ம்கிளிக், பட்டன் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஆண்ட்ராய்டின் புதிய திரை அமைக்கும் முறையான காம்போஸிலும் இதே கதை. எனேபிள்ட் மதிப்பு மாறினாலும் அடுத்த ரீகம்போஸிஷன் (திரையை மறுபடி அமைப்பது) வரை பழைய ஆன்கிளிக்தான் உயிரோடு இருக்கும்.

ஆகவே பூட்டு வியூவில் இருக்கக் கூடாது, வியூமாடலில் (திரையின் நிலையை வைத்திருக்கும் கிளாஸ்) இருக்க வேண்டும். "அனுப்பிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு நிலை. உறுதி செய்யும் ஃபங்ஷனின் முதல் வரி: அந்த நிலை உண்மையாக இருந்தால் உடனே திரும்பு. இரண்டாவது வரி: நிலையை உண்மை ஆக்கு. அதற்குப் பிறகுதான், ஆர்டரை அனுப்பும் கொரூட்டினைத் தொடங்கு. இரண்டு வரிக்கும் நடுவே எந்த சஸ்பெண்ட் (நடுவில் நின்று காத்திருக்கும்) அழைப்பும் வரக் கூடாது. மெயின் த்ரெட்டிலிருந்து மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷன் என்றால் சாதாரண பூலியனே போதும். வேறு த்ரெட்டிலிருந்தும் வரலாம் என்றால் அட்டாமிக்பூலியன் எடுத்து கம்பேர்அண்ட்செட் (சோதிப்பதும் மாற்றுவதும் ஒரே அடியில்) பயன்படுத்துங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, நிலையை மாற்றும் வரியை லாஞ்ச் பிளாக்குக்குள் எழுதுவது. வியூமாடல்ஸ்கோப் இயல்பாக மெயின்.இமீடியட்டில் (மெயின் த்ரெட்டிலேயே, உடனே) ஓடுவதால் அது தற்செயலாக வேலை செய்யும். பிறகு யாரோ லாஞ்சுக்கு ஐஓ டிஸ்பாச்சர் கொடுத்த அன்றைக்கு, நிலை மாறும் முன்பே இரண்டாவது அழைப்பு உள்ளே வந்துவிடும்.

பூட்டை எப்போது திறப்பது என்பதையும் யோசித்து எழுதுங்கள். ஃபைனலி பிளாக்கில் கண்ணை மூடிக்கொண்டு திறப்பது வழக்கம். அது தோல்விக்குச் சரி, வெற்றிக்குத் தவறு. ஆர்டர் வெற்றியானதும் அடுத்த திரைக்குப் போகிறோம். போகும் அசைவு நடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பழைய திரை இன்னும் தொடுதலை வாங்கும். அங்கே பூட்டு திறந்திருந்தால் இன்னொரு ஆர்டர் போகும். வெற்றி என்றால் பூட்டியபடியே விட்டுவிடுங்கள். அந்தத் திரையோடு வியூமாடலும் போய்விடும். தோல்வி, ரத்து இரண்டுக்கும் மட்டும் திற.

கடைசியாக, கரண்ட்டைம்மில்லிஸை இப்படிப்பட்ட எதற்கும் பயன்படுத்தாதீர்கள். நெட்வொர்க் நேரம் ஒத்திசையும்போதோ பயனர் கடிகாரத்தை மாற்றும்போதோ அது முன்னும் பின்னும் தாவும். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனால் உங்கள் பட்டன் ஒரு மணி நேரம் செத்துக் கிடக்கும், ஏனென்றால் கழித்தால் வரும் எதிர்மறை எண் எப்போதும் 500-ஐ விடச் சிறியது. சிஸ்டம்கிளாக்கின் எலாப்ஸ்ட்ரியல்டைம் பின்னோக்கிப் போகாது; அதை எடுங்கள்.


ஆழிமழை:

கல்தச்சன் சொன்னது ஆப் பக்கத்துக்கு முழுமையானது. ஆனால் பணமோ ஆர்டரோ சம்பந்தப்பட்ட இடத்தில் ஆப் பக்கப் பூட்டு ஒரு வசதி மட்டுமே. கடைசிக் காவல் சர்வரில் இருந்தாக வேண்டும். காரணம், ஒரே ஒரு தட்டிலிருந்தும் இரண்டு ரிக்வெஸ்ட் போகலாம். ஓகேஹெச்டிடிபி என்ற நெட்வொர்க் நூலகத்தில் இணைப்பு முறிந்தால் மறுமுயற்சி செய்யும் அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. அதோடு, அதன் இயல்பான ரீட் டைம்அவுட் 10 விநாடி. சர்வர் 11-வது விநாடியில் ஆர்டரைப் பதிவு செய்தால் ஆப்புக்கு அது தோல்வியாகத் தெரியும், பூட்டு திறக்கும், பயனர் நியாயமாகவே மறுபடி தட்டுவார். இங்கே பயனர் மேலும் தப்பில்லை, பட்டன் மேலும் தப்பில்லை.

இதற்கு வழி ஐடெம்பொட்டன்ஸி கீ. ஆப் ஒரு யூயூஐடி (வேறெங்கும் வராத அடையாளம்) உருவாக்கி, ரிக்வெஸ்ட்டின் ஹெடரில் அனுப்பும். ஒரே கீயோடு எத்தனை முறை வந்தாலும் சர்வர் ஒரு முறைதான் வேலையைச் செய்யும். மற்ற முறைகளுக்கு முதல் பதிலையே திருப்பிக் கொடுக்கும். ஸ்ட்ரைப் போன்ற கட்டண ஏபிஐ-களில் பல ஆண்டுகளாக இருக்கும் முறைதான்.

கீயை எங்கே உருவாக்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிளிக் லிஸனருக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு தட்டுக்கும் புதுக் கீ, ஒன்றும் தடுக்கப்படாது. உறுதி செய்யும் திரை திறக்கும்போது ஒரு கீ உருவாக்கி, சேவ்ட்ஸ்டேட்ஹேண்ட்லில் வையுங்கள். பின்னணியில் இருக்கும்போது சிஸ்டம் ஆப்பைக் கொன்று மீண்டும் எழுப்பினாலும் அதே கீ இருக்கும். டைம்அவுட், 500 வகைப் பிழைகள், இணைப்பு அறுந்தது, இவை எல்லாவற்றுக்கும் அதே கீயோடுதான் மறுமுயற்சி. கூடையில் பொருள் மாறினாலோ முகவரி மாறினாலோ அது வேறு ஆர்டர், புதுக் கீ. கூடையின் உள்ளடக்கத்தை ஹாஷ் செய்து (அதிலிருந்து ஒரு குறுங்குறி எடுத்து) அதையே கீயாக வைக்கும் யோசனையும் சுற்றுகிறது. வேண்டாம். ஒருவர் அதே பொருளை நாளைக்கு உண்மையாகவே மறுபடி வாங்க நினைத்தால் அவருக்குப் பழைய ஆர்டர்தான் பதிலாக வரும்.

சர்வரில் ஒரு டேபிள்: பயனர் எண், கீ, ரிக்வெஸ்ட் உடலின் ஹாஷ், நிலை, பதில், உருவான நேரம். பயனர் எண்ணும் கீயும் சேர்ந்து ஒரு யுனீக் இன்டெக்ஸ். "முதலில் செலக்ட் செய்து பார், இல்லையென்றால் இன்சர்ட் செய்" என்று எழுதாதீர்கள். 20 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு ரிக்வெஸ்ட் இரண்டு வெவ்வேறு சர்வர் ப்ராசஸுக்குப் போனால் இரண்டுமே "இல்லை" என்றுதான் பார்க்கும். நேராக இன்சர்ட் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங். வரி நுழைந்தால் நீங்கள் முதல் ஆள். நுழையவில்லை என்றால் இருக்கும் வரியைப் படியுங்கள்: முடிந்திருந்தால் சேமித்த பதிலைக் கொடுங்கள், இன்னும் நடந்துகொண்டிருந்தால் 409 என்ற ஹெச்டிடிபி பிழை எண், ஹாஷ் பொருந்தவில்லை என்றால், அதாவது அதே கீயோடு வேறு உள்ளடக்கம் வந்தால், 422.

ஆர்டர் பதிவு முழுவதும் உங்கள் டேபிள்களுக்குள்ளேயே முடியும் என்றால் கீ வரியையும் ஆர்டர் வரியையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போடுங்கள். இரண்டாவது இன்சர்ட் முதல் டிரான்ஸாக்‌ஷன் முடியும்வரை தானாகவே காத்திருக்கும். 409-க்கே வேலை இருக்காது. நடுவில் வெளிக் கட்டணச் சேவையை அழைக்க வேண்டியிருந்தால் அப்படிச் செய்யக் கூடாது, அந்த அழைப்பு முடியும்வரை டேட்டாபேஸ் இணைப்பு பிடிபட்டுக் கிடக்கும். அப்போது "நடக்கிறது" என்ற வரியைத் தனியாக கமிட் செய்து, வெளிச் சேவைக்கும் அதே கீயிலிருந்து பெற்ற கீயை அனுப்பி, பதில் வந்ததும் நிலையை மாற்றுங்கள். நடுவில் சர்வர் விழுந்தால் அந்த வரி "நடக்கிறது" என்றே நின்றுவிடும் என்பதால், ஒரு காலவரம்பு தாண்டியதை எடுத்து வெளிச் சேவையிடம் உண்மை நிலை கேட்டுச் சரிசெய்யும் வேலை ஒன்றும் பின்னணியில் ஓட வேண்டும். பழைய கீகளை ஒரு நாள் கழித்து அழிக்கலாம். ஸ்ட்ரைப்பும் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கிறது.

ஆப்பில் 409 வந்தால் அதைச் சிவப்புப் பிழையாகக் காட்டாதீர்கள். அது "முதல் ரிக்வெஸ்ட் இன்னும் ஓடுகிறது" என்ற செய்தி. ஓரிரு விநாடி விட்டு அதே கீயோடு மறுபடி கேளுங்கள்.


தும்பி:

திரை இரண்டு தடவை திறப்பது பற்றி.

அந்த எக்ஸெப்ஷனுக்குக் காரணம் எளிது. முதல் நேவிகேட் அழைப்பு ஓடியதும் "இப்போதைய இடம்" விவரத் திரை ஆகிவிடும். இரண்டாவது அழைப்பு, பட்டியலிலிருந்து விவரத்துக்குப் போகும் ஆக்‌ஷனை விவரத் திரையில் தேடும், அங்கே அது இல்லை, விழும். நேவிகேட் அழைக்கும் முன், கரண்ட்டெஸ்டினேஷனின் ஐடி பட்டியல் திரையினுடையதுதானா என்று ஒரு இஃப் போடுங்கள். ட்ரை கேட்சில் அடக்காதீர்கள், வேறு உண்மையான நேவிகேஷன் பிழைகளும் அதிலேயே புதைந்துவிடும்.

காம்போஸ் நேவிகேஷன் என்றால் லாஞ்ச்சிங்கிள்டாப் பாதிதான் உதவும். மேலே இருக்கும் அதே இடத்தை மறுபடி அடுக்காது, அவ்வளவே. பட்டியலில் இரண்டு வெவ்வேறு வரிகள் தட்டப்பட்டால் இரண்டாவது வரியின் விவரம் முதலாவதின் இடத்தில் வந்து உட்காரும். இதைவிட நல்லது, லைஃப்சைக்கிள் ரெஸ்யூம்ட் நிலையில் இருந்தால் மட்டும் தட்டலை ஏற்பது. முதல் நேவிகேட் ஓடியதும் பழைய திரை ரெஸ்யூம்டிலிருந்து இறங்கிவிடும், அதன்பின் வரும் தட்டல்கள் தானாக உதிரும். லைஃப்சைக்கிள் நூலகம் 2.8.0 முதல் இதற்கென்றே ட்ராப்அன்லெஸ்ரெஸ்யூம்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆன்கிளிக்கை அதில் சுற்றினால் போதும். மில்லி விநாடிக் கணக்கே தேவையில்லை.

பின்செல்லும் பட்டனையும் அதிலேயே சுற்றுங்கள். பாப்பேக்ஸ்டாக் இரண்டு முறை ஓடினால் தொடக்கத் திரையும் போய் வெற்றுத் திரை மிஞ்சும். ஃப்ளட்டரில் நேவிகேட்டர்.பாப் இரண்டு முறை ஓடும்போது வரும் கறுப்புத் திரைக்கும் இதுவே காரணம்.

பழைய ஆக்டிவிட்டி முறையில் இருப்பவர்களுக்கு: ஸ்டார்ட்ஆக்டிவிட்டி உடனே திரை மாற்றுவதில்லை, சிஸ்டத்திடம் கோரிக்கை வைத்துவிட்டுத் திரும்பிவிடும். நடுவில் இன்னொரு தட்டு விழ நேரம் உண்டு. லாஞ்ச்மோட் சிங்கிள்டாப் வைத்தால் இரண்டாவது கோரிக்கை ஆன்நியூஇன்டென்ட்டுக்குப் போகும்.

டயலாக்ஃப்ராக்மென்ட்டில் "அந்த டேக்கில் ஏற்கெனவே இருக்கிறதா" என்று தேடிவிட்டு ஷோ அழைப்பவர்கள் உண்டு. ஷோ செய்யும் கமிட் பிறகுதான் நிறைவேறும், அதுவரை தேடினாலும் கிடைக்காது. ஷோநவ் அழைத்தால் அந்தத் தேடல் உண்மையிலேயே பயன்படும்.

ஐஓஎஸ்: ஒரே வியூகண்ட்ரோலரை இரண்டு முறை புஷ் செய்தால் ஆப் விழும். ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாக உருவாக்கினால் விழாது, ஆனால் இரண்டு திரை அடுக்கப்படும். புஷ் செய்யும் முன் டாப்வியூகண்ட்ரோலர் நீங்கள்தானா என்று பாருங்கள். பிகின்இக்னோரிங்இன்டராக்‌ஷன்ஈவென்ட்ஸ் என்ற பழைய வழி ஐஓஎஸ் 13-லேயே கைவிடப்பட்டது. எங்காவது அதன் இணையான எண்ட் அழைப்பு தவறினால் முழு ஆப்பும் தொடுதலை ஏற்காமல் உறைந்துவிடும் ஆபத்தும் அதில் இருந்தது. ஸ்விஃப்ட்யூஐ-யில் பட்டனை முடக்கும் டிஸேபிள்ட் மாடிஃபையரோடு, ஆக்‌ஷனின் முதல் வரியில் கார்ட் (காவல் சோதனை) ஒன்றும் வையுங்கள்.

ஃப்ளட்டர்: ஆன்ப்ரஸ்ட்க்கு நல் (வெற்று மதிப்பு) கொடுத்தால் பட்டன் முடங்கும். ஆனால் அது அடுத்த பில்டுக்குப் பிறகு. எனவே ஆன்ப்ரஸ்ட் ஃபங்ஷனுக்குள் முதலில் சோதனை, பிறகு செட்ஸ்டேட், பிறகுதான் அவெய்ட். அவெய்ட்டுக்கு முன்னால் டார்ட் கோடு இடையில் அறுபடாது, அதனால் தனி லாக் எதுவும் வேண்டாம். அவெய்ட்டுக்குப் பிறகு மவுண்டெட் (திரை இன்னும் இருக்கிறதா) பார்க்காமல் செட்ஸ்டேட் அழைக்காதீர்கள். முழுத் திரையையும் மறிக்க வேண்டுமானால் அப்சார்ப்பாயிண்டர். இக்னோர்பாயிண்டரைப் போட்டால் தொடுதல் அடியில் இருக்கும் விட்ஜெட்டுக்கு ஊடுருவிப் போகும். இன்னொன்று, தேவையில்லாமல் ஆன்டபுள்டாப் வைக்காதீர்கள். ஒரே கெஸ்சர்டிடெக்டரில் அதுவும் ஆன்டாப்பும் இருந்தால், இரண்டாவது தட்டு வருமா என்று 300 மில்லி விநாடி காத்திருந்த பிறகுதான் ஆன்டாப் ஓடும். பயனருக்கு ஆப் மந்தமாகத் தெரியும், அதனால் இன்னும் அதிகமாகத் தட்டுவார்.

ரியாக்ட் நேட்டிவ்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: யூஸ்ஸ்டேட் பூட்டு போதாது. லிஸனர் பழைய ரெண்டரின் மதிப்பையே பிடித்திருக்கும். யூஸ்ரெஃப் வையுங்கள், அது உடனே மாறும். லோடாஷ் த்ராட்டிலை காம்போனன்ட் உடலுக்குள் நேரடியாக உருவாக்கினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் புதியது பிறந்து பழைய கணக்கு மறந்துபோகும்.


பனித்துளி:

மிக்க நன்றி. வியூமாடல் பூட்டும் கீயும் தெளிவாகிவிட்டன. அப்படியென்றால் பொதுவான லிஸனரையே தூக்கிவிடலாமா? + பட்டனுக்கும் விருப்பக்குறி பட்டனுக்கும் பூட்டு போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் சர்வர் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்குமே? ஆர்எக்ஸ் நூலகத்தில் டிபவுன்ஸ் வைக்கலாமா, த்ராட்டில்ஃபர்ஸ்ட் வைக்கலாமா?


கல்தச்சன்:

தூக்கிவிடலாம். எல்லா வியூவுக்கும் ஒரே லிஸனர் என்பதே தவறான தொடக்கம். வேண்டாத மறுதட்டு எது, வேண்டிய மறுதட்டு எது என்று செயலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பட்டனைப் பார்த்துச் சொல்ல முடியாது.

+ பட்டனில் ஒவ்வொரு தட்டும் வேண்டியதுதான். ஒன்றையும் தள்ளாதீர்கள். திரையில் எண் உடனே கூடட்டும். சர்வருக்கு "ஒன்று கூட்டு" என்று அனுப்பாமல் "அளவு 4" என்று முழு மதிப்பை அனுப்புங்கள். அப்போது ஒரே ரிக்வெஸ்ட் இரண்டு முறை போனாலும் அளவு 4-தான். தட்டுவது நின்று 400 அல்லது 500 மில்லி விநாடி ஆனதும் கடைசி மதிப்பை மட்டும் அனுப்பினால் போதும். டிபவுன்ஸுக்குப் பொருத்தமான இடம் இது. திரையை விட்டுப் போகும்போதும், ஆர்டர் உறுதி செய்யும்போதும் காத்திருக்கும் மதிப்பை உடனே அனுப்பிவிட வேண்டும். இதை மறந்தால் பயனர் 4 என்று பார்த்துவிட்டு 3-க்கு ஆர்டர் போடுவார்.

பதில்கள் வரிசை மாறி வரலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட் பழைய ரிக்வெஸ்ட்டை ஆப் பக்கம் ரத்து செய்யும், ஆனால் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது போய்ச் சேர்ந்ததுதான். "அளவு 5" முதலிலும் "அளவு 4" பிறகும் சர்வரை அடைந்தால் 4 நிற்கும். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை அனுப்புங்கள், அல்லது ஏறுவரிசை எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பி, பழைய எண்ணைச் சர்வர் நிராகரிக்கட்டும்.

விருப்பக்குறிக்கும் அதே நியாயம். "மாற்று" என்ற ஒரே எண்ட்பாயிண்ட் வைத்தால் இரட்டைத் தட்டில் குறி போட்டு எடுத்ததாகிவிடும். போடுவதற்கு புட் ரிக்வெஸ்ட், எடுப்பதற்கு டெலிட் ரிக்வெஸ்ட். இரண்டுமே எத்தனை முறை வந்தாலும் முடிவு ஒன்றுதான்.

டிபவுன்ஸை உறுதி செய்யும் பட்டனில் வைக்காதீர்கள். அது கடைசித் தட்டுக்குப் பிறகு அமைதிக்காகக் காத்திருக்கும். ஒரே ஒரு முறை தட்டியவருக்கும் வீண் தாமதம். த்ராட்டில்ஃபர்ஸ்ட் முதல் தட்டை உடனே விட்டு, பிறகு வருவதை அந்த இடைவெளி முடியும்வரை தள்ளும். பகிர்தல் பலகையைத் திறப்பது, வெளி உலாவியைத் திறப்பது போன்று, முடிந்ததா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லாத செயல்களுக்கு அது போதும், 500 முதல் 800 மில்லி விநாடி. கோட்லின் ஃப்ளோவில் த்ராட்டில்ஃபர்ஸ்ட் கூடவே வருவதில்லை. சாம்பிள் என்று இருப்பது வேறு, அது இடைவெளியின் கடைசி மதிப்பைத் தருவது. பெயரைப் பார்த்து மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பட்டியலில் த்ராட்டில் வைத்தால் நேரம் வியூஹோல்டருக்குள் இருக்கக் கூடாது. வரிக்கு ஒரு கடிகாரம் இருந்தால் இரண்டு விரலால் இரண்டு வரியைத் தட்டும்போது இரண்டும் திறக்கும். அடாப்டர் அளவில் ஒன்று போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டன் அழுந்துவதைத் தடுக்க, பழைய வியூ முறையில் பெற்றோர் லேஅவுட்டில் ஸ்ப்ளிட்மோஷன்ஈவென்ட்ஸ் ஃபால்ஸ். ஐஓஎஸில் ஒவ்வொரு பட்டனுக்கும் எக்ஸ்க்ளூசிவ்டச்.


தும்பி:

ஒரு விஷயத்தில் கல்தச்சனோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். வியூமாடல் பூட்டு இருந்தால் போதும் என்று பட்டனின் தோற்றத்தை விட்டுவிடக் கூடாது. சத்தமில்லாமல் தட்டலை விழுங்கும் பட்டன் மோசமான பட்டன். அவர் சொன்ன 3 விநாடி வகை மறுதட்டு முழுவதும் பட்டன் பேசாததால் வந்தது. தட்டி 100 மில்லி விநாடிக்குள் ஏதாவது மாற வேண்டும். பட்டனுக்குள்ளேயே சுழலும் குறி, "அனுப்புகிறது" என்ற எழுத்து, எதுவானாலும்.

பட்டனின் அகலமும் உயரமும் அப்போது மாறக் கூடாது. சுழல்குறி வந்ததும் பட்டன் மறைந்து, கீழே இருந்த "ரத்து செய்" மேலே ஏறி அதே இடத்துக்கு வந்தால், இரண்டாவது தட்டு அங்கே விழும். அடுத்த திரையிலும் இதே ஆபத்து உண்டு: உறுதி பட்டன் இருந்த அதே மூலையில் அடுத்த திரையின் "நீக்கு" இருந்தால், இரட்டைத் தட்டின் பின்பாதி அதன் மேல் விழும். எந்தப் பூட்டும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அது வேறு பட்டனின் முதல் தட்டு. திரும்பப் பெற முடியாத செயல்களை அந்த இடத்தில் வைக்காதீர்கள்; வைத்தே ஆக வேண்டும் என்றால் திரை மாறும் அசைவு முடியும்வரை அதை முடக்கி வையுங்கள்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு மறுதட்டு வேகத்தால் வருவதில்லை. ஒரு தொடுதலே பலவாகப் பதிவாகும். ஐஓஎஸில் அணுகல்தன்மை அமைப்பில் டச் அக்காமடேஷன்ஸ் பகுதியில் மறுதொடுதலைப் புறக்கணிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவருக்கு உங்கள் த்ராட்டிலும் சேர்ந்து இரண்டு காத்திருப்பு ஆகிவிடும். நேரத்தை விட்டு நிலையை நம்புவதற்கு இன்னொரு காரணம் இது. ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான டாக்பேக் பயன்படுத்துபவருக்குச் சுழல்குறி தெரியாது. லைவ் ரீஜன் பொலைட் வைத்து "அனுப்புகிறது" என்பதை வாசிக்கச் செய்யுங்கள்.


கல்தச்சன்:

இதில் மாறுபாடே இல்லை, பட்டனும் முடங்கத்தான் வேண்டும். பட்டனின் தோற்றமும் பூட்டும் வியூமாடலின் ஒரே நிலையிலிருந்து வரட்டும். தனித்தனி ஃப்ளாக் வைத்தால் ஒரு நாள் ஒன்று திறந்து மற்றது மூடிக் கிடக்கும். உயரம் மாறக் கூடாது என்பதை எழுதாமல் விட்டிருந்தேன், சேர்த்ததற்கு நன்றி.


வரிக்குதிரை:

எல்லாம் எழுதிய பிறகு எப்படிச் சோதிப்பது என்று யாரும் சொல்லவில்லை.

எஸ்பிரஸோ என்ற ஆண்ட்ராய்டு திரைச் சோதனைக் கருவியில் கிளிக்கை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதினால் இந்தப் பிழை பிடிபடாது. முதல் கிளிக்குக்குப் பிறகு மெயின் த்ரெட் ஓயும்வரை எஸ்பிரஸோ காத்திருக்கும், அதற்குள் எல்லாம் முடக்கப்பட்டிருக்கும், டெஸ்ட் பச்சையாகும். ரன்ஆன்மெயின்சிங்க்கில் ஒரே பிளாக்குக்குள் பெர்ஃபார்ம்கிளிக்கை இரண்டு முறை அழையுங்கள். வியூமாடலுக்குத் தனி யூனிட் டெஸ்ட்: பதிலைப் பிடித்து வைக்கும் போலி ரெப்பாசிட்டரி ஒன்று, உறுதி ஃபங்ஷனை இரண்டு முறை அழை, ரெப்பாசிட்டரிக்கு ஒரே அழைப்பு போயிருக்கிறதா என்று பார். தோல்விப் பதில் கொடுத்து மறுபடி அழை, இப்போது இரண்டு இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே கீ இருக்க வேண்டும். ஃப்ளட்டர் விட்ஜெட் டெஸ்ட்டில் டாப் (தட்டல்) இரண்டு முறை, நடுவே பம்ப் (திரையை மறுபடி வரைவது) இல்லாமல்.

கையால் சோதிக்க: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அசைவு அளவுகள் மூன்றையும் 10 மடங்கு ஆக்குங்கள். திரை மாறும் இடைவெளி அகன்று, நேவிகேஷன் பிழைகள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். டெஸ்ட் சர்வரில் ஆர்டர் எண்ட்பாயிண்ட்டுக்கு 12 விநாடி தாமதம் வையுங்கள், ஆழிமழை சொன்ன டைம்அவுட் நிலை உடனே உருவாகும். பதில் வரும் முன் ஏரோப்ளேன் மோட் போட்டு எடுங்கள். ஆப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு ஏடிபி ஷெல்லில் ஆப்பைக் கொல்லும் ஏஎம் கில் கொடுத்து மறுபடி திறங்கள், கீ அதேதானா என்று சர்வர் லாகில் பாருங்கள்.

சர்வருக்கு: ஒரே கீயோடு 20 ரிக்வெஸ்ட்டை ஒரே நேரத்தில் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட். ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, இணையாக. ஆர்டர் டேபிளில் ஒரே வரி இருக்க வேண்டும். சர்வர் ப்ராசஸ் ஒன்றை மட்டும் ஓட்டிச் சோதிக்காதீர்கள். செலக்ட் பிறகு இன்சர்ட் என்று எழுதிய கோடு அங்கே தப்பித்துவிடும், இரண்டாவது ப்ராசஸ் சேர்ந்ததும்தான் மாட்டும்.


பனித்துளி:

பெர்ஃபார்ம்கிளிக்கை இரண்டு முறை அழைக்கும் டெஸ்ட் இப்போதைய கோடில் பச்சையாகவே வருகிறது, 500 மில்லி விநாடி அதைத் தடுத்துவிடுவதால். லிஸனருக்குள் 700 மில்லி விநாடி ஸ்லீப் போட்டதும் சிவப்பாகிறது. கல்தச்சன் விளக்கியது அப்படியே. ஆர்டர் ஃபங்ஷனில் வியூமாடல் பூட்டு வைத்ததும், ஸ்லீப் இருந்தும் பச்சை. அடுத்தது சர்வர் டேபிள். வெளிக் கட்டணச் சேவை இருப்பதால் தனியாக கமிட் செய்யும் வழிதான். "நடக்கிறது" என்று நின்றுபோன வரிக்குக் காலவரம்பு எவ்வளவு வைப்பது?


ஆழிமழை:

வெளிச் சேவையை அழைக்கும்போது நீங்கள் வைத்திருக்கும் டைம்அவுட்டை விடத் தெளிவாகப் பெரியதாக. அந்த அழைப்புக்கு 30 விநாடி, இரண்டு மறுமுயற்சி என்றால் மொத்தம் 90 விநாடி. வரம்பை 3 நிமிடம் வையுங்கள். சிறியதாக வைத்தால் இன்னும் உயிரோடு ஓடும் ரிக்வெஸ்ட்டை இறந்ததாக எண்ணி இன்னொருவர் எடுத்துக்கொள்வார். எடுப்பவரும் நேராகக் கட்டணத்தை மறுபடி அனுப்பக் கூடாது; முதலில் அந்தக் கீக்குரிய நிலையை வெளிச் சேவையிடம் கேட்டு, அங்கே அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று வந்தால் மட்டும், அதே கீயோடு அனுப்ப வேண்டும். வரியை எடுப்பதையும் அப்டேட்டில் பழைய நிலையும் பழைய நேரமும் பொருந்துகிறதா என்று எஸ்க்யூஎல்லின் "வேர்" நிபந்தனை வைத்துச் செய்யுங்கள். மாறிய வரி எண்ணிக்கை 1 வந்தவர் மட்டும் தொடரட்டும், 0 வந்தவர் விலகட்டும்.